அவசர மருத்துவப் பணியை நாடும் இளையோருக்கு: பள்ளிப் பருவம் தொடங்கி முதல் பணி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. இப்போது பள்ளி இறுதியாண்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் அந்த ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள். ஆபத்து நேர்ந்தால் மூன்று எண்களை அழுத்தினால் போதும், வண்டி வந்து நிற்கும் என்பது அவர்களுக்குப் பிறப்பிலிருந்தே பழகிப்போன செய்தி. ஆனால் அந்த வண்டியின் பின்பகுதியில் ஏறி உட்கார்ந்து, நோயாளியின் மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனித்துக்கொண்டே வருபவர் யார், அவர் என்ன படித்தார், எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. மருத்துவத் துறை என்றால் டாக்டர் அல்லது நர்ஸ் என்ற இரண்டு பதில்களே நம் குடும்பங்களில் வழங்கிவருகின்றன. அவசர சிகிச்சையில் ஆர்வம் உள்ள ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இந்தத் துறைக்குள் எந்தெந்த வாயில்கள் வழியே நுழையலாம், நுழையும் முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். படிப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு பணியைப் பார்ப்பது தவறான வரிசை. பணியை அருகிலிருந்து பார்த்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பதே சரியான வரிசை. இதற்கு ஓராண்டுக் காலம் தேவைப்படலாம். செலவோ மிகக் குறைவு. கட்டணம் கட்டிச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் 'இது எனக்கு ஒத்துவராது' என்று உணர்வதால் வரும் இழப்போடு ஒப்பிட்டால், அந்த ஓராண்டு ஒரு பொருட்டே அல்ல.

முதல் படி: யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு நிகழ்வை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனம் ஒன்று தடுப்பில் மோதுகிறது. வழியில் சென்ற ஒருவர் 108-ஐ அழைக்கிறார். அழைப்பை எடுப்பவர் இடத்தையும் அடையாளத்தையும் காயத்தின் தன்மையையும் சில கேள்விகளில் கேட்டறிந்து, அருகில் உள்ள வண்டியை அனுப்புகிறார். பதற்றத்தில் அழுதுகொண்டே பேசுபவரிடமிருந்து 'எந்த ஊர், எந்தப் பெட்ரோல் பங்க் பக்கம்' என்ற விவரத்தைப் பெறுவது எளிய செயல் அன்று. அதுவும் பயிற்சி தேவைப்படும் ஒரு தனி வேலையே. வண்டியில் இருவர் வருகிறார்கள். ஓட்டுநரைப் பணியிடத்தில் 'பைலட்' என்று அழைப்பார்கள். உடன் வரும் மருத்துவ உதவியாளரை 'இ.எம்.டி.' என்பார்கள். காயமடைந்தவரின் மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, இரத்தம் எங்கிருந்து வடிகிறது, கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டிருக்கக்கூடுமா என்று பார்த்து, கழுத்துப்பட்டை மாட்டி, இருவரும் சேர்ந்து அவரைப் பலகையில் ஏற்றுகிறார்கள். வண்டி நகரத் தொடங்கியதும் இ.எம்.டி. ஆக்சிஜன் கொடுத்து, இரத்த அழுத்தம் பார்த்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறார்.

மருத்துவமனையில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நோயாளியை முதலில் தரம்பிரிக்கிறார்கள். உடனடியாகக் கவனிக்க வேண்டியவர் சிவப்புப் பகுதிக்கும், சற்றுக் காத்திருக்கக் கூடியவர் மஞ்சள் பகுதிக்கும், சிறு காயம் உள்ளவர் பச்சைப் பகுதிக்கும் செல்கிறார்கள். அங்கே அவசர சிகிச்சை மருத்துவர், செவிலியர், தொழில்நுட்பப் பணியாளர், எக்ஸ்ரே எடுப்பவர், தேவைப்பட்டால் எலும்பு முறிவு மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர் என ஒவ்வொருவராகப் பொறுப்பேற்கிறார்கள். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டம் வகுத்த செலவு வரம்புக்குள், கட்டணமின்றி அளிக்கப்படுவதால், பணத்தைக் கேட்டு நிற்காமல் இந்தச் சங்கிலி முழுவதும் இயங்க முடிகிறது.

இதில் வழிப்போக்கரையும் நோயாளியையும் தவிர்த்துவிட்டுப் பார்த்தாலும் குறைந்தது ஐந்தாறு தொழில்கள் இருக்கின்றன. 'அவசர மருத்துவத்தில் எனக்கு ஆர்வம்' என்று சொல்லும் ஒருவர், இவற்றில் எந்த இடத்தில் நிற்கத் தம் மனம் விரும்புகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சாலையிலா, வார்டிலா, தொலைபேசியின் முன்பா, ஸ்டியரிங்கின் முன்பா?

இரண்டாம் படி: பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும்போதே கைகளைப் பழக்குங்கள்

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது தாவரவியலும் விலங்கியலும் அடங்கிய பிரிவை எடுப்பது பெரும்பாலான வாயில்களைத் திறந்து வைக்கும். தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுத்துப் படிப்பவர்கள், தாங்கள் பிறகு சேர நினைக்கும் பட்டப்படிப்பு அந்தப் பாடப்பிரிவை ஏற்கிறதா என்பதைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே விசாரித்துவிட வேண்டும். முடித்த பிறகு விசாரித்துப் பயனில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூனியர் ரெட்கிராஸ், கல்லூரிகளில் யூத் ரெட்கிராஸ், நாட்டு நலப்பணித் திட்டம் ஆகிய அமைப்புகள் உள்ளன. பல இடங்களில் இவை அணிவகுப்புக்கும் சான்றிதழுக்கும் மட்டுமே பயன்படுகின்றன என்பது வருத்தத்துக்குரியது. உங்கள் பொறுப்பாசிரியரிடம் சென்று, ஆண்டுக்கு ஒருமுறையாவது பொம்மையை வைத்துச் செய்முறை முதலுதவிப் பயிற்சி நடத்த வேண்டும் என்று மாணவர்களே சேர்ந்து கேளுங்கள். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவி வகுப்புகளை நடத்திச் சான்றிதழ் வழங்குகிறது. பேருந்து நடத்துநர் உரிமம் பெறுவதற்காக முதலுதவிச் சான்றிதழ் வாங்கியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் வகுப்பு எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு திறனை மட்டும் முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியும் என்றால், அது இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முதலுதவியான சி.பி.ஆர். ஆக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் திடீரென விழுந்து, தட்டி அழைத்தும் அசைவில்லாமல், இயல்பான மூச்சும் இல்லாமல் கிடந்தால், உடனே 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுப்பகுதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, முழங்கைகளை மடக்காமல் அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 6 சென்டிமீட்டரைத் தாண்டாமலும் இருக்க வேண்டும்; நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை அழுத்த வேண்டும்; ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு இரண்டு முறை என மூச்சுக் கொடுப்பார். பயிற்சி இல்லாதவர் அழுத்தத்தை மட்டும் நிறுத்தாமல் செய்தாலே பெரும் உதவி. எழுத்தில் இது எளிது. பொம்மையின்மீது இரண்டு நிமிடம் இடைவிடாமல் செய்து பார்த்தால்தான் தோளும் இடுப்பும் எப்படி வலிக்கின்றன, இரண்டாவது நிமிடத்தில் அழுத்தத்தின் ஆழம் எப்படித் தானாகக் குறைகிறது என்பது தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது உடம்புக்கே விளங்கும்.

விபத்தில் உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்ற அச்சம் பெற்றோரிடம் இன்றும் உண்டு. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுபவர்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்குச் சட்டவலு அளித்தது; 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைச் சிவில், கிரிமினல் பொறுப்பிலிருந்து காக்கிறது. தம் பெயரைச் சொல்ல அவர் கட்டாயப்படுத்தப்படக் கூடாது. இதை வீட்டில் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: பணியை அருகிலிருந்து பாருங்கள்

ஆம்புலன்ஸில் பார்வையாளராக ஏறிச் செல்வதை எதிர்பார்க்க வேண்டாம். நோயாளியின் தனிமையும் பாதுகாப்பும் அதற்கு இடம் தராது. இடம் தரவும் கூடாது. ஆனால் 108 வண்டிகள் அழைப்பு இல்லாத நேரத்தில் அரசு மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம், முக்கியச் சந்திப்புகள் போன்ற இடங்களில் நிற்கின்றன. ஷிப்ட் முடியும் வேளையில் சென்று, மரியாதையாக அறிமுகப்படுத்திக்கொண்டு, 'அண்ணா, நானும் இந்த வேலைக்கு வர நினைக்கிறேன், பத்து நிமிடம் பேச முடியுமா?' என்று கேட்டால், பெரும்பாலானோர் மனம் திறந்து பேசுவார்கள். அழைப்பு வந்தால் அவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார்கள். அதுவும் உங்களுக்கு ஒரு பாடந்தான்.

என்ன கேட்க வேண்டும் என்பதை முன்பே எழுதிக்கொண்டு செல்லுங்கள். 'சம்பளம் எவ்வளவு?' என்று தொடங்காதீர்கள். நேற்றைய ஷிப்டில் என்னென்ன கேஸ் வந்தன, அவற்றில் எது மிகக் கடினமாக இருந்தது, எந்தத் திறனை முன்பே கற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறார், இந்த வேலையைவிட்டுச் சென்றவர்கள் எதனால் சென்றார்கள் என்று கேளுங்கள். விபத்துகளே நிறைந்திருக்கும் என்று நினைத்துச் செல்பவருக்கு விடை வியப்பளிக்கும். பிரசவ வலி, நெஞ்சுவலி, வலிப்பு, மூச்சுத்திணறல், பூச்சிமருந்து குடித்தவர், பாம்புக்கடி என்று அவர்களின் நாள் விரிந்து கிடக்கும். கர்ப்பிணியை அழைத்துச் செல்வது 108 பணியில் பெரும் பங்கு. மருத்துவமனைக்குச் சேரும் முன்பே வண்டியில் குழந்தை பிறப்பதும் உண்டு.

பாம்புக்கடியை மட்டும் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் நம் நாட்டுப்புறத்தில் அவசர மருத்துவம் என்பது என்னவென்று அது தெளிவாகக் காட்டுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நம்மிடம் மிகுதியாக ஆபத்து விளைவிப்பவை. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த தடமோ வலியோ தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தவரின் இமைகள் சரியத் தொடங்குகின்றன, பேச்சு குழறுகிறது, பிறகு மூச்சுத் தசைகள் ஓய்கின்றன. இமை சரிவதைக் கவனிக்கத் தெரிந்த இ.எம்.டி. ஒருவர், கையால் அழுத்தும் பையைக் கொண்டு மூச்சுக் கொடுத்தபடியே அவரை மருத்துவமனை சேர்த்தால் அவர் பிழைக்கக்கூடும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி இரத்தத்தை வெளியேற்றுவதும் தீங்கே செய்யும். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து விரைந்து கொண்டுசெல்வதே முறை. மருத்துவமனையில் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு இரத்தத்தில் இறங்கியதைக் காட்டிவிடும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய, அறிவிக்கை செய்யப்பட்ட நோயாக ஆக்கியது. பளபளக்கும் கருவி எதுவும் இன்றி, கூர்ந்து நோக்கும் கண்ணாலும் பழகிய கையாலும் ஓர் உயிர் மீள்வதை இதில் பார்க்கிறோம். இதைப் படிக்கும்போது உங்களுக்குள் ஆர்வம் கிளர்ந்தால், அது நல்ல அறிகுறி.

பதினெட்டு வயதானவர்கள் இரத்ததான முகாம்களில் தன்னார்வலராகச் சேரலாம். பெருந்திருவிழாக்களில் அமைக்கப்படும் முதலுதவி முகாம்களுக்கும் ரெட்கிராஸ் வழியாகச் செல்லலாம். கூட்ட நெரிசலில் மயங்கி விழுபவர்களையும், வெயிலில் சோர்ந்துபோகும் முதியவர்களையும் ஒருநாள் முழுதும் கவனித்துக்கொள்வது, பத்து வகுப்புகளுக்கு ஈடான அனுபவம். எங்கு சென்றாலும் ஒரு கட்டுப்பாட்டை மறக்காதீர்கள்: நோயாளியைப் படம் எடுக்காதீர்கள், அவர் பெயரையோ நிலையையோ யாரிடமும் பகிராதீர்கள்.

நான்காம் படி: உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

இரத்தத்தைக் கண்டால் தலைசுற்றும் என்பதால் மட்டும் பின்வாங்க வேண்டாம். அந்தக் கூச்சம் பெரும்பாலோருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடும். அதைவிட முக்கியமான கேள்விகள் வேறு. ஓடும் வண்டியில் பக்கவாட்டில் அமர்ந்து குனிந்து வேலை செய்தால் வாந்தி வருமா? மூன்றாம் மாடியிலிருந்து குறுகலான படிக்கட்டில் ஒருவரைத் தூக்கி இறக்க முதுகு இடம் தருமா? 12 மணி நேர ஷிப்டும், வாரம் மாறி வாரம் வரும் இரவுப் பணியும் உடலுக்கு ஒத்துவருமா? சுற்றிலும் இருபது பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, குரலை உயர்த்தாமல், 'அம்மா, கொஞ்சம் வழிவிடுங்கள்' என்று சொல்லி வேலையைத் தொடர முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது, அதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியதைப் பிழையின்றிச் செய்தும் சிலர் இறந்துவிடுவார்கள். அவர்களில் குழந்தைகளும் இருப்பார்கள். பூச்சிமருந்து குடித்தோ அரளி விதையை அரைத்துத் தின்றோ உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற, உங்கள் வயதையே ஒத்தவர்களும் இருப்பார்கள். அவர்களை ஏசாமல், காரணம் கேட்டுத் துளைக்காமல், கனிவோடு நடத்துவது சிகிச்சையின் ஒரு பகுதி. இத்தகைய இரவுக்குப் பிறகு நீங்கள் யாரிடம் மனம்விட்டுப் பேசுவீர்கள் என்று இப்போதே யோசித்துவையுங்கள். அப்படிப் பேச ஒருவர் இருப்பதும், பேசத் தயங்காத மனம் இருப்பதும் இந்தப் பணிக்கான தகுதிகள் என்றே நான் கருதுகிறேன்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இரவுப் பணியை எண்ணித் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைப் புறந்தள்ளாமல், ஏற்கெனவே பணியில் இருக்கும் ஒரு பெண் இ.எம்.டி.யை அவர்களோடு பேச வையுங்கள். பிரசவ அழைப்புகளில் ஒரு பெண்ணின் கை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த அக்கா சொல்லும்போது கேட்கும் முறையே வேறாக இருக்கும். போக்குவரத்து, தங்குமிடம், உடன் பணிபுரிபவர் பற்றிய அவர்களின் கேள்விகளுக்கும் அனுபவத்திலிருந்து பதில் கிடைக்கும்.

ஐந்தாம் படி: வாயிலைத் தேர்ந்தெடுங்கள்

மிக நீண்ட வழி மருத்துவர் ஆவது. நீட் தேர்வு, உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., பிறகு மூன்று ஆண்டு எம்.டி. அவசர மருத்துவம். இந்தியாவில் அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக 2009-இல்தான் அங்கீகரிக்கப்பட்டது. ஆகவே இத்துறையின் மூத்தவர்கள் பலர் வேறு துறையில் பயின்று இங்கே வந்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிப்பவர் இந்த வழியைத் தொடக்கத்திலேயே கைவிட வேண்டியதில்லை.

இரண்டாவது வழி செவிலியர் படிப்பு: நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், அல்லது மூன்று ஆண்டு டிப்ளமோ. அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் நோயாளியைத் தொடுபவர் பெரும்பாலும் செவிலியரே. இந்தத் தகுதியோடு 108 பணிக்கும் விண்ணப்பிக்கலாம், அரசு மருத்துவமனைத் தேர்வையும் எழுதலாம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மாறலாம், வெளிநாடும் செல்லலாம்.

மூன்றாவது வழி, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடத்தப்படும் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது இது. அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில், மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக்குழு நடத்தும் கலந்தாய்வின் வழியே நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. மூச்சுக்குழாய் பொருத்துவதற்கு உதவுதல், இ.சி.ஜி. படித்தல், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை இயக்குதல் என்று அவசர சிகிச்சையையே முதல் நாளிலிருந்து பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு இது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் ஒரு தொழிலாகப் பட்டியலிட்டிருப்பதால், இனி இத்துறைக்கு முறையான பதிவும் ஒரே தரத்திலான பாடத்திட்டமும் அமைவதற்கு வழி பிறந்திருக்கிறது. இவை தவிர, அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பாக அவசர சிகிச்சை டெக்னீசியன் பயிற்சியும் உண்டு. குடும்பச் சூழலால் விரைந்து வருமானம் தேவைப்படுவோருக்கு அது ஏற்றது.

இரண்டாவதா, மூன்றாவதா என்று தடுமாறுபவர்களுக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். மூன்றாம் படியையும் நான்காம் படியையும் உண்மையாகக் கடந்து, 'எனக்கு இதுதான்' என்ற உறுதி வந்தவர்கள் விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பட்டத்தை எடுக்கலாம். மருத்துவப் பணி வேண்டும், ஆனால் அவசரப் பிரிவுதானா என்பதில் ஐயம் இருக்கிறது என்பவர்கள் நர்சிங் எடுப்பதே விவேகம். பணியிடங்களின் எண்ணிக்கையில் இரண்டுக்கும் இன்று பெரிய வேறுபாடு இருக்கிறது. அதை மறைத்து ஆசை காட்டுவது உங்களுக்கு நான் செய்யும் நன்மையாகாது.

ஏற்கெனவே விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித்தொழில்நுட்பம் போன்றவற்றில் பட்டம் பெற்று வேலை தேடிக்கொண்டிருப்போருக்கும் கதவு மூடவில்லை. 108 சேவை வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங், ஆய்வக டிப்ளமோ ஆகியவற்றோடு இந்தப் பட்டங்களும் இடம்பெற்று வந்திருக்கின்றன. பைலட் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், இலகுரக வாகன உரிமம் பெற்று மூன்று ஆண்டும், பேட்ஜ் பெற்று ஓராண்டும் நிறைந்திருப்பதும் கேட்கப்பட்டுள்ளன. பைலட்டை வெறும் டிரைவராக எண்ண வேண்டாம். பின்னால் ஊசி போடப்படும்போது வண்டியைக் குலுங்காமல் ஓட்டுவதும், ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்குவதும், கூட்டத்தை விலக்குவதும் அவரே.

ஆறாம் படி: கட்டணம் கட்டும் முன் கல்லூரியைச் சோதியுங்கள்

'பாராமெடிக்கல்' என்ற பலகையை மாட்டிக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணைப்பின்றிச் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பி, இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டி முடித்த பிறகுதான் தன் கையில் இருந்த காகிதத்தை எந்த மருத்துவமனையும் ஏற்காது என்று அறிந்தார்; அவருடைய அம்மா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. ஆகவே சேருவதற்கு முன், படிப்பின் பெயரையும் கல்லூரியின் பெயரையும் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள இணைப்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் 24 மணி நேரமும் இயங்கும் அவசரப் பிரிவு இருக்கிறதா, மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அங்கே நிற்கிறார்கள் என்று கேளுங்கள். நேரில் சென்று, அலுவலகத்தை விட்டு வெளியே வந்து, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் தனியாக இதே கேள்விகளைக் கேளுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் நம்பலாம்.

ஏழாம் படி: ஆள்சேர்ப்புக்குத் தயாராகுங்கள்

108 சேவைக்கான வேலைவாய்ப்பு முகாம்கள் மாவட்ட அளவில் நடத்தப்படுகின்றன. நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் செய்தி வரும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு 19 முதல் 30 வயது, பைலட்டுக்கு 24 முதல் 35 வயது என்ற வரம்பு இருந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பையே இறுதியாகக் கொள்ளுங்கள். மருத்துவ உதவியாளருக்கு எழுத்துத் தேர்வு, உடற்கூறியலும் முதலுதவியும் அடிப்படை நர்சிங்கும் சார்ந்த நேர்காணல், பிறகு மனிதவளத் துறை நேர்காணல் என்று தேர்வு நடக்கும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என 50 நாள் பயிற்சி தரப்படுகிறது. அசல் சான்றிதழ்களோடு செல்லுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு சேருங்கள். 108 அரசின் திட்டம் என்றாலும், அதன் பணியாளர்கள் திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்களே தவிர அரசு ஊழியர்கள் அல்லர். அரசு வேலை என்று வீட்டில் சொல்லிச் சேர்ந்து பின்னர் மனம் கசந்தவர்கள் உண்டு. ஊதியம், விடுப்பு, இடமாற்றம் ஆகியவை பற்றிப் பணி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரி வரியாகப் படியுங்கள். சில ஆண்டுகள் இங்கே கற்றுக்கொண்டு, தனியார் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கோ, தொழிற்சாலைகளின் முதலுதவி மையங்களுக்கோ செல்வோரும் இருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை.

எட்டாம் படி: முதல் ஆண்டில் உடலையும் மனத்தையும் காத்துக்கொள்ளுங்கள்

பணியில் சேருவதற்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். முதல் தவணைக்குப் பிறகு ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலுமாக மொத்தம் மூன்று தவணைகள். நோயாளிக்குப் போட்ட ஊசி உங்களைக் குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிட்டு அன்றே தெரிவியுங்கள்; எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை விரைந்து தொடங்கினால்தான் பயன், 72 மணி நேரத்தைக் கடந்துவிட்டால் பயன் இராது. பூச்சிமருந்து குடித்தவரைக் கையுறை இன்றித் தொடாதீர்கள். அவர் உடையிலும் வாந்தியிலும் உள்ள நஞ்சு உங்கள் தோலின் வழியாகவும் இறங்கும். தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கப் பழகுங்கள். இத்துறையைவிட்டு விலக நேரும் பலருக்கு முதுகுவலியே காரணம்.

உறக்கம் கெடுவதும், ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வருவதும் சில வாரங்களாகத் தொடர்ந்தால், அதைப் பலவீனம் என்று நினைக்காமல் மூத்த பணியாளரிடம் சொல்லுங்கள். டெலிமானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. நோயாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் அது பொதுவானது.

அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். முடிவதற்கு முன் புதுப்பியுங்கள். அதன் மேல்நிலையான இதய உயிர்காப்புப் பயிற்சியையும் காயச் சிகிச்சைப் பயிற்சியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் ஒரு குறிப்பேட்டில், நோயாளியின் பெயரோ ஊரோ இன்றி, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், எதைத் தவறவிட்டீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். இலங்கையில் 2016-இல் தொடங்கி, 2018-இல் வட மாகாணத்துக்கும் விரிந்த, 1990 என்ற தொலைபேசி எண்ணில் இயங்கும் சுவசெரிய நோயாளர் காவு வண்டிச் (ஆம்புலன்ஸ்) சேவையானாலும், வளைகுடா நாடுகளின் ஆம்புலன்ஸ் சேவையானாலும், மருத்துவமனை நேர்காணலானாலும், 'நீங்கள் கையாண்ட ஒரு கடினமான கேஸைச் சொல்லுங்கள்' என்ற கேள்வி வரும்போது அந்தக் குறிப்பேடு உதவும். வெளிநாட்டுப் பணிக்குப் பட்டச் சான்றிதழோடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பொறுப்பில், எந்தப் பிரிவில் பணியாற்றினீர்கள் என்று குறிப்பிடும் அனுபவச் சான்றிதழையும் நேரடியாக நிறுவனத்திடமே சரிபார்ப்பார்கள். ஆகவே ஒரு பணியைவிட்டு விலகும் நாளிலேயே அந்தக் கடிதத்தைக் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்கி, உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்தின் பதிவேட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.